தோளுக்கு எத்தனை சதவீதம்

பனியனுக்குள் வலது கையை நுழைப்பதற்குள் இளையபெருமாளுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. கை ஏறாது, கை நிற்கும் இடத்துக்கு உடம்பைத்தான் குனிந்து கொண்டுபோக வேண்டும். தோள் மட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடை உயர்ந்தாலும், உள்ளே யாரோ மூட்டைக் கொக்கியைப் போட்டு இழுப்பது போல ஒரு வலி.

"மாட்டிவிடவா?" என்றாள் செவ்வந்தி.

"வேணாம். முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சிருச்சு? கழுத்து வழியா கை வெளிய வந்திருக்கு."

இருபது வருஷத்துக்கு மேல் அரிசி ஆலையில் லோடுமேனாக இருந்தவர் இளையபெருமாள். போன வருஷம் சம்பா நெல் வந்து குவிந்த நேரத்தில், கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்து அவர் தோளில் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்ப மறுத்துவிட்டது. ஆலை முதலாளி நல்ல மனுஷர்தான். பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். பழம் தீர்ந்ததும் வேறு ஆளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். "நஷ்டஈட்டை இன்சூரன்ஸ்காரன் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டார்.

இன்சூரன்ஸ்காரன் பார்த்தது சதவீதத்தை மட்டும்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், பின்னால் மடக்கச் சொன்னார், ஏதோ ஒரு அளவுகோலைத் தோளில் வைத்துப் பார்த்தார். இருபத்தைந்து சதவீத ஊனம் என்று எழுதினார்.

"அப்ப மிச்சம் எழுபத்தஞ்சு நல்லா இருக்கா சார்?"

"கணக்குப்படி அப்படித்தான்."

"அப்ப முக்கா மூட்டை தூக்கலாமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "பெரியவரே, நான் உடம்புக்குத்தான் சதவீதம் போடுவேன். பொழப்புல எவ்வளவு போச்சுன்னு தொழிலாளர் ஆணையர்தான் போடணும்."

பிரச்சினையே அங்கேதான் இருந்தது. உடம்புக்கு இருபத்தைந்து என்றால் பிழைப்புக்கும் அதே இருபத்தைந்துதான் என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. லோடுமேன் சங்கத்துச் செயலாளர் வளவன் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர் தட்டுறவனுக்குத் தோள் போனா இருபத்தஞ்சு. உனக்குத் தோளுதான்ணே ஆபீஸு. ஆபீஸே இடிஞ்சு போச்சு" என்று சொல்லி, தொழிலாளர் ஆணையரிடம் வழக்குப் போட வைத்தான்.

இருபத்தைந்து வந்தால் ஆஸ்பத்திரிக் கடனை அடைத்துவிட்டு, வெறுங்கையை, அதுவும் தூக்க முடியாத கையை, வீசிக்கொண்டு வர வேண்டியதுதான். கொஞ்சம் கூட வந்தால் ஒரு மாவு மெஷின் போடலாம். இடுப்பு உயரத்தில் சுவிட்ச். தூக்க ஒன்றும் இல்லை. அந்தச் சுவிட்சை எந்தச் சுவரில் வைப்பது என்பது வரைக்கும் இளையபெருமாள் யோசித்து வைத்திருந்தார்.

பனியனிலிருந்து தலை வெளியே வந்த நேரத்தில் போன் அடித்தது. வளவன்.

"அண்ணே, இன்சூரன்ஸ்ல ஆள் அனுப்புறாங்களாம். நீங்க எங்கயாவது மூட்டை தூக்குறீங்களான்னு பாக்க. இன்சூரன்ஸ்னு சொல்லிக்கிட்டு வரமாட்டான். டீக்கடையில உக்காந்து சும்மா பேச்சுக் குடுப்பான்."

"நான் எங்கடா தூக்குறேன்? பனியனே தூக்க முடியல."

"தூக்கலதான். ஆனா பாக்கறதுக்கு ரொம்ப நல்லா இருக்காதீங்க. மூஞ்சிய கொஞ்சம் சுருக்கிக்குங்க."

"எவ்வளவு சுருக்கணும்?"

"ஒரு எழுபது சதவீதத்துக்குச் சுருக்குங்க."

போனை வைத்ததும் செவ்வந்தி ஆரம்பித்தாள். அவளுக்கும் ஒரு தகவல் வந்திருந்தது. மகள் மதிவதனி தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருவாரூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை நெடுமாறன், கூட்டுறவு வங்கியில் வேலை. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் ஊருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போவாராம்.

"யாருன்னு சொல்ல மாட்டாங்க. டீக்கடையிலதான் விசாரிப்பாங்க."

"அங்கயுமா?"

"அப்பன் படுத்துட்டா பொண்ணு சம்பளம் பூரா பொறந்த வீட்டுக்கே போயிடும்னு அவங்களுக்குப் பயம். அதனால கொஞ்சம் திடமா இருங்க."

இளையபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒருத்தன் வந்தா நான் சாவணும். இன்னொருத்தன் வந்தா குதிக்கணும். ரெண்டு பேரும் ஒரே டீக்கடைக்கு வரானுங்க. எவன் எவன்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"இதுல என்ன இருக்கு? பேன்ட்டு, பைக்கு, ஷூ. அது இன்சூரன்ஸ். வேட்டி, திருநீறு, மஞ்சப்பை. அது சம்பந்தி."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்பது போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மீரா உசேனின் டீக்கடை நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே இருந்தது. அறுவடை நேரம். சாலையோரம் முழுக்க நெல் மூட்டை. தார்ப்பாய் போர்த்தியவை பாதி, போர்த்தாதவை பாதி. இளையபெருமாள் அன்றிலிருந்து கடை பெஞ்சை விட்டு நகரவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில், பேன்ட் போட்ட ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். காலில் ஷூ.

"இங்க இளையபெருமாள்னு..."

"நான்தாங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏதோ விபத்துன்னு கேள்விப்பட்டேன். நஷ்டஈடு எவ்வளவு வரும்ணே?"

சந்தேகமே இல்லை. இன்சூரன்ஸ். இளையபெருமாள் முகத்தைச் சுருக்கினார்.

"பாய், டீய வாயில ஊத்துங்க."

மீரா உசேன் திரும்பிப் பார்த்தார். "காலையில நீங்களேதானே குடிச்சீங்க? வடைகூட..."

"ஊத்துங்க பாய்."

மீரா உசேன் ஊற்றினார். பாதி வாய்க்குள் போனது, பாதி மோவாய் வழியாகப் பனியனுக்குள் போனது. வந்தவர் அதை இரக்கத்தோடு பார்த்தார்.

"கை மட்டும்தானா?"

அந்த 'மட்டும்' இளையபெருமாளைக் குத்தியது. கை மட்டும் என்றால் இருபத்தைந்தோடு முடிந்தது.

"இடுப்பும் போச்சுங்க" என்றார். மனசுக்குள் முப்பத்தைந்து ஆனது. வந்தவர் புருவத்தை உயர்த்தினார். "முட்டி ரெண்டும் மடங்கல." ஐம்பது. "படுத்தா மூச்சு நின்னு நின்னு வருது." அறுபது. எழுபதுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. "ஒரு கிட்னி வேற வேலை செய்யலையாம்."

மீரா உசேன் பாய்லரை விட்டு வெளியே வந்துவிட்டார். "யா அல்லா! எப்பலேருந்துங்க?"

"இப்பதான்."

வந்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வைத்தியத்துக்கெல்லாம் யாரு பாக்குறா?"

"மகதான். அவ சம்பளம் பூரா எனக்கே சரியாப் போவுது. நான் இருக்கிற வரைக்கும் இப்படித்தான்."

அவர் டீயைத் தொடக்கூட இல்லை. கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"நம்பிட்டான் பாய்" என்றார் இளையபெருமாள், வலது கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்கே மத்தியானம் டவுன் பஸ்ஸிலிருந்து வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு. கக்கத்தில் மஞ்சப்பை. வந்ததும் வராததுமாக, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? வீடு சொந்த வீடா? யாரு சம்பாதிக்கிறாங்க?" என்று கேட்டார்.

இன்சூரன்ஸ்காரன் எதற்குப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கப் போகிறான்? இளையபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரே பொண்ணு. நர்ஸு. அவ சம்பளத்துல ஒரு ரூபா தொடறதில்ல நான். எனக்கு எதுக்குங்க? கல்லு மாதிரி இருக்கேன்."

மீரா உசேன் எட்டிப் பார்த்தார். "அந்தக் கிட்னி..."

"பாய், பால் பொங்குது பாருங்க."

"தோள்ல ஏதோ அடின்னு சொன்னாங்களே" என்றார் வேட்டிக்காரர்.

"அடியா? சுளுக்கு. ஊர்ல எதையும் பெருசாச் சொல்லுவாங்க."

வேட்டிக்காரர் மஞ்சப்பைக்குள்ளிருந்து செல்போனை எடுத்தார். "அப்ப மூட்டையெல்லாம் தூக்குவீங்க?"

"தூக்குறதா? வாங்க, காட்டுறேன்."

"வேணாங்க, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் வந்தார், போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி.

சாலையோரம் ஒரு மூட்டையைத் தேர்ந்தெடுத்தார் இளையபெருமாள். நாற்பது கிலோ. ஒரு காலத்தில் இதையெல்லாம் மூட்டை என்றே அவர் மதித்ததில்லை. இடது கையால் மூட்டையின் காதைப் பிடித்தார். முட்டியைக் கொடுத்து எம்பினார். மூட்டை புரண்டு முதுகில் ஏறிவிட்டது. பிடரியில் சணல் உரசியது, புது நெல் வாசம் மூக்கில் ஏறியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு. ஒரு கணம் சம்பந்தி, இன்சூரன்ஸ், மாவு மெஷின் எல்லாமே அவருக்கு மறந்துபோயிற்று.

முதுகில் ஏறிய மூட்டையை வலது கை தோளுக்கு மேலாகப் போய்ப் பிடிக்க வேண்டும். இருபது வருஷம் அதுதான் பிடித்தது. "வா" என்று மனசுக்குள் கூப்பிட்டார். கை தோள் வரைக்கும் வந்தது. நின்றது. "இன்னும் கொஞ்சம் வாடா." வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு எட்டு வைத்தார், இன்னொன்று வைத்தார். மூட்டை சாய்ந்து, முதுகை வழித்துக்கொண்டு சரிந்து, பின்னால் வந்தவரின் கால்மேல் போய் உட்கார்ந்தது.

"ஐயோ! அம்மா!"

இளையபெருமாள் மூட்டையைப் புரட்டிவிட்டு, மண்ணில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க சம்பந்தி, மன்னிச்சிருங்க!"

"யாருய்யா சம்பந்தி?"

"கூச்சப்படாதீங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

அவரை ஆட்டோவில் தூக்கி வைத்து அனுப்பினார்கள். ஆட்டோ திரும்பும்போது இளையபெருமாள் கூடவே ஓடிச் சொன்னார்: "வைகாசியில முகூர்த்தம் வச்சுக்கலாங்க!"

உள்ளேயிருந்து பதில் ஏதோ வந்தது. அது நல்ல வார்த்தை இல்லை.

சாயங்காலம் திருவாரூரிலிருந்து போன். செவ்வந்தி பேசினாள், பேசப் பேச உட்கார்ந்தாள். "மாப்பிள்ளையோட தாய்மாமன் வந்துட்டுப் போனாராம். பேன்ட் போட்டவரு. வீட்டுக்குப் போயி அழுதாராம். கிட்னி போனவரு வீட்டுல எப்படிச் சம்பந்தம் பண்றதுன்னு கேக்குறாங்க. உங்களுக்கு எப்பய்யா கிட்னி போச்சு?"

இளையபெருமாள் பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. வளவன்.

"அண்ணே, இன்சூரன்ஸ் ஆளு பேரு தங்கையனாம். எங்க போனாலும் வேட்டி கட்டிக்கிட்டு, திருநீறு பூசிக்கிட்டுத்தான் போவாராம். அப்பதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்களாம். அவரை என்ன பண்ணீங்க? காலுல மாவுக்கட்டோட ஆஸ்பத்திரியில கெடக்காரு. நீங்க மூட்டை தூக்குற வீடியோ அவர் கையில இருக்காம்!"

பிறகு எல்லோரும் சரிசெய்ய ஆரம்பித்தார்கள்.

செவ்வந்தி திருவாரூருக்குப் போன் போட்டாள். "அண்ணே, அவரு சொன்ன இடுப்பு, முட்டி, மூச்சு, கிட்னி எல்லாம் பொய்யிங்க. ஒண்ணுமே இல்ல."

"அப்ப கை?"

"கை மட்டும் நெசம்."

அந்தப் பக்கம் யோசித்தார்கள். "இதுல எது நெசம்னு நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" போன் வைக்கப்பட்டது.

இளையபெருமாள் வளவனிடம் ஒரு யோசனை சொன்னார். "மூட்டையில நெல்லே இல்ல, வெறும் பதருன்னு சொல்லிரலாமா?"

"பதர் விழுந்து கால் உடையுமாண்ணே?"

மதிவதனி லீவு போட்டுக்கொண்டு வந்தாள். கதை முழுவதையும் கேட்டாள். கிட்னி வந்த இடத்தில் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"வர்றப்பல்லாம் அந்தக் கையைப் புடிச்சுப் பயிற்சி குடுக்குறவ நான். அது எதுவரைக்கும் வரும், எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். இருக்கிற வலி போதாதுன்னு எதுக்குப்பா இல்லாத வலியைக் கடன் வாங்குனீங்க?"

"இருபத்தஞ்சு போதாதும்மா."

"அதை அங்க போயிச் சொல்லுங்க. நடிக்காதீங்க. கை எதுவரைக்கும் வருதோ அதை மட்டும் காட்டுங்க."

"கல்யாணம்?" என்றாள் செவ்வந்தி.

"நெடுமாறன்ட்ட நான் பேசிட்டேன். 'கை உண்மையிலேயே வலிக்குதா'ன்னு ஒண்ணுதான் கேட்டாரு. ஆமான்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றாராம்." மதிவதனிக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "கிட்னியையும் அப்படியே பாத்துட்டுப் போறாராம்."

விசாரணைக்குத் திருச்சிக்குப் போனார்கள். ஆணையர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. முகத்தில் எதுவும் தெரியவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முகத்தில் எல்லாமே தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், இவர் இன்னமும் மூட்டை தூக்குறார். எங்க ஆளே நேர்ல பாத்திருக்கார். வீடியோ இருக்கு. இருபத்தஞ்சே ஜாஸ்தி."

"முதல்ல நான் பாக்குறேன்" என்றார் ஆணையர். "கையைத் தூக்குங்க."

இளையபெருமாள் முகத்தைச் சுருக்கவில்லை. தூக்கினார். கை தோள் வரைக்கும் வந்து நின்றது.

"அவ்வளவுதாம்மா."

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

வளவன் பின்னாலிருந்து அவர் முதுகைக் கிள்ளினான். இளையபெருமாள் ஒரு தடவை மாவு மெஷினை நினைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

வளவன் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வக்கீல் எழுந்தார். "தங்கையனைக் கூப்பிடுங்க."

தங்கையன் கட்டை ஊன்றிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பேன்ட் போட்டிருந்தார், மாவுக்கட்டுக்காக அதன் ஒரு காலை மட்டும் கத்தரித்திருந்தார்கள். இளையபெருமாளைப் பார்க்கவே இல்லை.

"சொல்லுங்க. இவர் மூட்டை தூக்கினாரா இல்லையா?" என்றார் வக்கீல்.

"தூக்கப் பாத்தார்."

"பாத்தாரா?"

"ஆமா சார். முடியல. வலது கை தோளுக்கு மேல வரவே இல்ல. ரெண்டு எட்டு வச்சார், மூட்டை சரிஞ்சிருச்சு. இத்தனை வருஷ சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். இவரால இனிமே சுமை தூக்கவே முடியாதுங்கிறதுதான் என் அபிப்பிராயம்."

வக்கீல் தன் ஆளைத்தான் கூப்பிட்டோமா என்று கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

ஆணையர் வீடியோவைப் போடச் சொன்னார். இளையபெருமாள் எம்புவது தெரிந்தது. கை நிற்பது தெரிந்தது. கை வரும் என்று காத்திருக்கிற அவர் முகம் தெரிந்தது. அதை ஆணையர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"கடைசியில வெறும் வானம் தெரியுதே, அது என்ன?"

"அப்ப நான் கீழ விழுந்துட்டேம்மா" என்றார் தங்கையன்.

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "முடியாதுன்னு நடிக்கிறவங்களைத் தினமும் பாக்குறேன். முடியும்னு காட்ட இவ்வளவு பாடுபட்டும் முடியலைன்னா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? உடம்புக்கு டாக்டர் போட்டது இருபத்தஞ்சு. அது சரி. தோளால பொழைச்ச மனுஷனுக்குப் பொழப்புல போனது எழுபது. எழுதிக்குங்க."

இளையபெருமாளுக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வளவன் அவரைக் கட்டிப் பிடித்தான். "தோளு, தோளு!" என்று இளையபெருமாள் கத்தினார்.

வெளியே தாழ்வாரத்தில் தங்கையன் கட்டையைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இளையபெருமாள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க அந்தக் கம்பெனி ஆளு. உங்க காலை வேற உடைச்சிருக்கேன். அப்படியும் எனக்காக உண்மையைச் சொன்னீங்களே. தெய்வம் சார் நீங்க."

தங்கையன் பாட்டிலை மூடினார்.

"தெய்வமெல்லாம் இல்லைங்க. டூட்டியில கால் உடைஞ்சதுக்கு நானும் எங்க கம்பெனி மேல நஷ்டஈட்டு மனு போட்டிருக்கேன். உங்க கை நல்லா இருக்குன்னு நான் சொல்லியிருந்தா, 'நல்ல கையிலிருந்து மூட்டை எப்படிய்யா உன் கால்ல விழும்'னு என்னைத் தொரத்தியிருப்பான். உங்க தோள் எழுபது சதவீதம் ஆனாத்தான் என் கால் பத்து சதவீதமாவது தேறும். அதோட, அன்னிக்கு ஆட்டோவுக்கு நான் குடுத்த இருநூறு ரூபா நீங்க பாக்கி."